ஊசி சென்ற தடம்: சிறுநீரகத் திசு ஆய்வும் இரத்தக்குழாய்ச் சிக்கல்களும்

சிறுநீரகத்தின் குருதியோட்டம்

மனித உடலில் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் எடை இருக்கும். உடல் எடையில் இது நூற்றில் அரைப் பங்குக்குள் அடங்கிவிடும். ஆனால், ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவு, இவற்றின் வழியாகவே ஓடுகிறது. அவ்வளவு குருதி சிறுநீரகத் திசுவின் சொந்தத் தேவைக்காக வருவதில்லை, வடிகட்டப்படுவதற்காக வருகிறது. இத்தகைய உறுப்பில் இரத்தக்குழாயே இல்லாத இடம் பார்த்து ஊசியைச் செலுத்துவது இயலாத செயல். திசு ஆய்வுக்குப் பின் வரும் சிக்கல்களில் மிகப் பெரும்பாலானவை இரத்தக்குழாய் சார்ந்தவையாக அமைவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சிறுநீரகத் தமனி உறுப்பின் வாயிலை நெருங்கும்போது முன்கிளை, பின்கிளை என இரண்டாகிறது. அவற்றிலிருந்து பகுதித் தமனிகளும், அவற்றிலிருந்து மடல்களுக்கு இடையே ஏறும் மடலிடைத் தமனிகளும் பிரிகின்றன. புறணியும் அகணியும் சந்திக்கும் எல்லையில் இவை வளைந்து வில் தமனிகள் ஆகின்றன. வில் தமனிகளிலிருந்து மேற்பரப்பை நோக்கிக் கிளம்பும் நுண்ணிய கிளைகளே குளோமருலஸ் எனப்படும் வடிமுடிச்சுகளுக்குக் குருதியைக் கொண்டு சேர்க்கின்றன.

இந்த அமைப்பில் இரண்டு செய்திகள் திசு ஆய்வுக்கு இன்றியமையாதவை. உள்ளே செல்லச் செல்லக் குழாயின் விட்டம் கூடுகிறது. மேற்பரப்புக்கு அருகே அது மிகச் சிறியது. அடுத்து, இத்தமனிகள் எல்லாம் முடிவுத் தமனிகள். ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் இடையே பயன்படத்தக்க இணைப்பு கிடையாது. ஒரு கிளை அடைபட்டால் அது ஊட்டிய திசு மடிந்துவிடும். முதல் செய்தி ஊசி எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, குருதிக்கசிவை நிறுத்தும் சிகிச்சையின் வாய்ப்பையும் விலையையும் தீர்மானிக்கிறது.

ஊசி வந்த வரலாறு

சுவீடனின் லுண்ட் நகரில் நீல்ஸ் ஆல்வால் 1944-இல் தோல்வழியே ஊசி செலுத்திச் சிறுநீரகத் திசுவை உறிஞ்சி எடுக்கத் தொடங்கினார். ஒரு நோயாளி இறந்ததை அடுத்து அம்முறையைக் கைவிட்ட அவர், தம் அனுபவத்தை 1952-இல்தான் அச்சில் வெளியிட்டார். இதற்கிடையே கோபன்ஹேகனில் போல் ஐவர்சனும் கிளவுஸ் புரூனும் நோயாளியை உட்கார வைத்துத் திசு எடுக்கும் முறையை 1951-இல் விவரித்திருந்தனர். அம்முறையில் போதிய திசு கிடைக்காமல் போவது அடிக்கடி நேர்ந்தது.

சிகாகோவில் ராபர்ட் கார்க், ராபர்ட் மியூர்க்கி இருவரும் 1954-இல் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தனர். வெட்டி எடுக்கும் விம்–சில்வர்மன் ஊசியின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்தினர். முதலில் மெல்லிய ஊசியால் சிறுநீரகத்தின் ஆழத்தை அறிந்துகொண்டனர். நூற்றுக்கு 96 பேரிடம் பயனுள்ள திசு கிடைத்தது. சிறுநீரக நோய்களைத் திசுவின் அடிப்படையில் வகைப்படுத்தும் மருத்துவம் இதன்பிறகே வேரூன்றியது.

1980-களில் இரண்டு மாற்றங்கள் வந்தன. சுவீடனின் கதிரியல் மருத்துவர் பெர் லிண்ட்கிரென் உருவாக்கிய, வில்விசையால் இயங்கும் ஊசித் துப்பாக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் திசுவை வெட்டி எடுத்தது. அல்ட்ராசவுண்டு ஸ்கேன் ஊசியின் நுனியை அது செல்லும் போதே திரையில் காட்டியது. ஊசி நுழைந்த நிலையில் நோயாளி மூச்சுவிட்டால் சிறுநீரகம் மேலும் கீழும் அசைந்து கிழிபடும் ஆபத்து முன்பு பெரிதாக இருந்தது. விசை ஊசி அந்த நேரத்தைச் சுருக்கிவிட்டது. குருதிக்கசிவு இதனால் குறைந்ததே தவிர மறையவில்லை. ஊசி எவ்வளவு துல்லியமாகச் சென்றாலும் அது குழாய்கள் நிறைந்த திசுவையே வெட்டுகிறது.

காயம் ஒன்று, வழிகள் ஐந்து

சிறுநீரகத் திசு ஆய்வின் இரத்தக்குழாய்ச் சிக்கல்களைத் தனித்தனி நோய்களாகப் பட்டியலிடுவது வழக்கம். உண்மையில் அவை அனைத்துக்கும் தொடக்கம் ஒன்றே: ஊசியால் ஒரு தமனியின் சுவரில் விழுந்த திறப்பு. வாய்க்கால் கரை உடைந்தால் நீர் எந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தே சேதம் அமைவது போல, இங்கும் குருதி போகும் திசையே சிக்கலின் பெயரையும் போக்கையும் முடிவு செய்கிறது.

குருதி உறுப்பைத் தாண்டி வெளியேறினால் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பில் திரள்கிறது. உறைக்கு அடியிலேயே நின்றுவிட்டால் சிறுநீரகத்தை அமுக்குகிறது. சிறுநீர்க் கிண்ணத்துக்குள் இறங்கினால் சிறுநீர் சிவக்கிறது. அதே ஊசி பக்கத்துச் சிரையையும் துளைத்திருந்தால் தமனிக் குருதி நேரே சிரைக்குள் பாய்கிறது. எங்கும் போக வழியின்றித் திசுவுக்குள் ஒரு சிறு குழியில் அடைபட்டால் போலித் தமனிப்புடைப்பு உருவாகிறது. ஒரே நோயாளியிடம் இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

சிறுநீரகத்தைச் சூழும் குருதித்திரள்

ஹீமடோமா எனப்படும் குருதித்திரளே மிகப் பரவலாகக் காணப்படுவது. திசு ஆய்வு செய்துகொண்ட எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஏதோ ஓர் அளவில் குருதித்திரள் இருந்தது. சில ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேர் வரை. அதாவது, சிறிய குருதித்திரள் இச்செயலின் இயல்பான விளைவு. பெரும்பாலோர் அதை உணர்வதுமில்லை.

கசிவு தானே நிற்பதற்குச் சிறுநீரகத்தின் இருப்பிடம் உதவுகிறது. அது வயிற்றறைக்குப் பின்னால், கொழுப்பும் கெரோட்டா உறையும் சூழ அமைந்துள்ளது. கசிந்த குருதி அந்த அடைப்புக்குள் சேரச் சேர அழுத்தம் கூடுகிறது; அவ்வழுத்தமே காயத்தின் மீது கட்டுப்போட்டது போல் செயல்பட்டுக் கசிவை நிறுத்திவிடுகிறது. ஆனால், பெரிய தமனி அறுபட்டாலோ உறைதல் சரியாக நிகழாவிட்டாலோ இந்த அழுத்தம் போதாது. பின்வயிற்று வெளியில் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட குருதி வெளியில் தெரியாமலே தேங்கிவிட முடியும். விலாப்பக்க வலி மிகுதல், வயிறு உப்புதல், இடுப்பை அசைக்கும்போது நோவு, நாடித்துடிப்பு ஏறுதல் ஆகியவை அப்போது தோன்றும் அறிகுறிகள். விலாவில் தோல் கருநீலமாவது தாமதமாகத்தான் தெரியும்; அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

சிறுநீரகத்துக்கு வெளியே உள்ள தமனிகளும் ஊசியின் பாதையில் அகப்படலாம். விலா எலும்பை ஒட்டிய தமனி, முதுகுத்தசைக்குக் குருதி தரும் இடுப்புத் தமனி, சிறுநீரக உறையின் சிறு தமனி ஆகியவை அவ்வாறு காயப்படக்கூடியவை. சிறுநீரகத் தமனியின் ஆஞ்சியோகிராமில் எந்தக் கோளாறும் தெரியாமல் குருதித்திரள் மட்டும் பெருகிக்கொண்டே போனால் இவற்றைத் தனியே படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

உறைக்கு அடியில்: பேஜ் சிறுநீரகம்

அமெரிக்க மருத்துவர் இர்வின் பேஜ் 1939-இல் நாய்களின் சிறுநீரகத்தைச் செல்லோபேன் தாளால் சுற்றி வைத்தார். தாளைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து இறுகிச் சிறுநீரகத்தை நெரித்தது; நாய்களுக்கு நீடித்த உயர் இரத்த அழுத்தம் வந்தது. விளையாட்டில் விலாவில் அடிபட்ட ஓர் இளைஞரிடம் இதே நிலை காணப்பட்டதை 1955-இல் எங்கெல், பேஜ் இருவரும் பதிவு செய்தனர். அன்றுமுதல் இந்நிலை பேஜ் சிறுநீரகம் என வழங்குகிறது.

திசு ஆய்வுக்குப் பின் குருதி உறைக்கு அடியிலேயே தேங்கும்போதும் இதுதான் நிகழ்கிறது. நீளாத உறைக்கும் திசுவுக்கும் இடையே அகப்பட்ட குருதி உட்குழாய்களை அமுக்குகிறது. திசுவுக்குள் குருதி வரத்து குறைகிறது. சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் வழியாக இரத்த அழுத்தம் ஏறுகிறது. குருதியை இழக்கும் நோயாளிக்கு அழுத்தம் விழும் என்பதே எதிர்பார்ப்பு. இங்கு அழுத்தம் உயர்வதால் கசிவு இல்லை என்று தவறாக முடிவெடுக்க வாய்ப்புண்டு. ஆய்வுக்குப் பின் புதிதாக உயர் அழுத்தம் தோன்றினால் ஸ்கேன் செய்து உறையின் அடிப்பகுதியைப் பார்ப்பது அவசியம். ரெனின்–ஆஞ்சியோடென்சின் தொடரைத் தடுக்கும் மருந்துகளால் பலருக்கு அழுத்தம் கட்டுப்படும். குருதித்திரள் கரையும்போது நிலை சீராகும்.

சிறுநீரில் குருதி

ஊசித்தடம் சிறுநீர்க் கிண்ணம்வரை எட்டியிருந்தால் குருதி சிறுநீரோடு கலக்கிறது. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவு சிவப்பணுக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் வெளியேறும். கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீர் சிவப்பது நூற்றுக்கு 3 அல்லது 4 பேருக்கு. அவர்களிலும் பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

தொல்லை தருவது குருதிக்கட்டிகளே. அவை சிறுநீர்க்குழாயில் இறங்கும்போது கல் வலி போன்ற சுருட்டு வலி வரும். சிறுநீர்ப்பையில் தேங்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அப்போது மூன்றுவழிக் கதீட்டர் செலுத்தி உப்புநீரால் தொடர்ந்து கழுவி எடுப்பது முறை. கிண்ணத்துக்குள் இறங்கும் குருதிக்குச் சூழ்ந்த திசுவின் அழுத்தம் தடையாக நிற்பதில்லை. சிறுநீரில் உள்ள யூரோகைனேஸ் நொதியும் உறைந்த குருதியைக் கரைத்துவிடுகிறது. எனவே நிற்காத சிவப்புச் சிறுநீர், அல்லது தெளிந்து சில நாள் கழித்து மீண்டும் சிவக்கும் சிறுநீர், உள்ளே தமனி–சிரை இணைப்போ போலிப்புடைப்போ இருப்பதற்கான குறி.

தமனி–சிரை இணைப்பு

சிறுநீரகத்துக்குள் தமனியும் சிரையும் அடுத்தடுத்தே ஓடுகின்றன. ஒரே ஊசி இரண்டையும் துளைத்துவிட்டால், மிகுந்த அழுத்தத்தில் உள்ள தமனிக் குருதி நுண்குழாய்களைச் சுற்றி வராமல் குறுக்கு வழியில் சிரைக்குள் இறங்குகிறது. கலர் டாப்ளர் ஸ்கேனால் தேடிப்பார்த்த ஆய்வுகளில், (மாற்றிப் பொருத்தியதல்லாத) சொந்தச் சிறுநீரகத்தில் திசு ஆய்வு செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 4 முதல் 18 பேரிடம் இது காணப்பட்டது. மிகப் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமல் ஓரிரு ஆண்டுகளுக்குள் தாமே மூடிக்கொள்கின்றன.

மூடாமல் பெரிதாகும் சிலவே தொல்லை தருகின்றன. குறுக்கு வழியில் போகும் குருதி அப்பகுதித் திசுவுக்குக் கிடைக்காததால் ரெனின் சுரந்து அழுத்தம் உயரலாம். சிறுநீரகச் செயல்பாடு குறையலாம். இணைப்பின் வழியே பாயும் அளவு மிகுந்தால் இதயம் கூடுதலாக உழைத்துச் செயலிழக்கவும் கூடும். விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தொடர்ந்த இரைச்சல் கேட்பது இதன் அடையாளம். டாப்ளரில் அவ்விடம் பல நிறங்கள் கலந்து தெரியும். ஊட்டும் தமனியில் ஓட்டம் வேகமாகவும் தடையின்றியும் இருக்கும். வடியும் சிரையில் தமனிக்கு உரிய துடிப்பு தெரியும்.

போலித் தமனிப்புடைப்பு

உண்மையான தமனிப்புடைப்பில் குழாய்ச் சுவரின் மூன்று அடுக்குகளும் சேர்ந்து விரிகின்றன. போலிப்புடைப்பில் அத்தகைய சுவர் இல்லை. தமனித் திறப்பிலிருந்து வெளிவந்த குருதி சுற்றியுள்ள திசுவால் தடுக்கப்பட்டு ஒரு குழியாகிறது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் குருதி அதற்குள் புகுந்து திரும்புகிறது. டாப்ளரில் குழியின் பாதி சிவப்பும் பாதி நீலமுமாகச் சுழலும். குழியைத் தமனியோடு இணைக்கும் கழுத்துப் பகுதியில் ஓட்டம் உள்ளும் புறமுமாக மாறி மாறித் தெரியும்.

இதன் ஆபத்து காலம் கடந்து வெளிப்படுவதில் இருக்கிறது. குழியைத் தாங்கி நிற்பது உறைந்த குருதியும் நொய்ந்த திசுவும் மட்டுமே. உறைவு கரையும்போது, ஆய்வு முடிந்து சில நாள் அல்லது சில வாரம் கழித்து, அது வெடித்துப் பெருங்கசிவு ஏற்படலாம். வீடு திரும்பி நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென விலாவலியும் சிவப்புச் சிறுநீரும் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதையே.

எவ்வளவு பேருக்கு?

2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அல்ட்ராசவுண்டு உதவியுடனும் விசை ஊசியாலும் செய்த 9,474 திசு ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்புச் சிறுநீர் 3.5 விழுக்காடு, குருதி ஏற்ற நேர்ந்தது 0.9 விழுக்காடு. 2020-இன் பெரிய தொகுப்பாய்வில் 1,18,064 ஆய்வுகள் இடம்பெற்றன: குருதித்திரள் 11, சிவப்புச் சிறுநீர் 3.5, குருதி ஏற்றுதல் 1.6, கசிவை நிறுத்தத் தனிச் சிகிச்சை 0.3, இறப்பு 0.06 விழுக்காடு. சிறுநீரகத்தையே அகற்ற நேர்வது பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவில்தான்.

இவை சராசரிகள். திட்டமிட்டுப் புறநோயாளியாக வருபவரைவிட, திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு படுக்கையில் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. நோயாளியின் ஒப்புதலைப் பெறும்போது பொதுச் சராசரியை மட்டும் சொன்னால் அது அவருக்குரிய எண் ஆகாது.

யாருக்குக் கூடுதல் ஆபத்து?

சிறுநீரகம் செயலிழந்து யூரியா மிகுந்த குருதியில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை ஒட்டிக்கொள்ளும் திறன் குன்றியிருக்கும். இரத்தசோகை இதை மேலும் மோசமாக்குகிறது: சிவப்பணுக்கள் நிறைந்த குருதியில் அவை நடுவில் ஓடித் தட்டணுக்களைக் குழாய்ச் சுவரை நோக்கி ஒதுக்குகின்றன, சிவப்பணுக்கள் குறைந்தால் தட்டணுக்கள் சுவரை நெருங்குவதும் குறைகிறது. 2012 தொகுப்பாய்வில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேலிருந்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கும் குருதி ஏற்றும் தேவை தெளிவாகக் கூடியிருந்தது.

கட்டுப்படாத இரத்த அழுத்தம் மற்றொரு காரணம். அழுத்தம் 140/90-க்குக் கீழ் வரும்வரை அவசரமில்லாத ஆய்வைத் தள்ளிப்போடுவதே நல்ல வழக்கம். அமிலாய்டு படிந்த குழாய்ச் சுவர் சுருங்கும் திறனை இழந்திருக்கும். அந்நோயாளிகள் சிலரிடம் பத்தாம் உறைதற்காரணியும் குறைந்திருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்துவதும், வார்ஃபரின் எடுப்பவரின் குருதி உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குக் கீழ் இறங்கும்வரை காத்திருப்பதும் பரவலான நடைமுறை. ஆனால், இதயத்தில் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் செயற்கை வால்வு உள்ளவருக்கும் மருந்தை நிறுத்துவதே உயிராபத்து. அங்கே இரு ஆபத்துகளையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஊசியும் பொருட்டானது. 14 கேஜ் ஊசி 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 16 கேஜ் ஏறக்குறைய 1.6, 18 கேஜ் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் விட்டம் உடையவை. 14 கேஜ் ஊசியில் குருதி ஏற்ற நேர்ந்தோர் 2.1 விழுக்காடு, அதைவிட மெல்லிய ஊசிகளில் 0.5 விழுக்காடு. மெல்லிய ஊசியில் வடிமுடிச்சுகள் குறைவாகவே கிடைப்பதால் மறுபடியும் குத்த நேரலாம். இரண்டுக்கும் நடுவே 16 கேஜ் ஊசியைப் பல மருத்துவமனைகள் தேர்ந்தெடுத்துள்ளன. ஊசியைச் சிறுநீரகத்தின் கீழ் முனையில், புறணிக்குள்ளேயே நிற்கும்படி சாய்வாகச் செலுத்தினால் வில் தமனிகளும் உட்குழிவும் தப்பும். ஆய்வுக்கு வேண்டிய வடிமுடிச்சுகள் இருப்பதும் புறணியில்தான். திசுவின் தரமும் நோயாளியின் பாதுகாப்பும் ஒரே பாதையைக் கேட்கின்றன.

டெஸ்மோபிரசின் என்னும் மருந்து குழாய்களின் உள்படலத்திலிருந்து வான் வில்லிபிராண்டு காரணியை வெளியேற்றித் தட்டணுக்களின் ஒட்டும் திறனைச் சில மணிநேரம் கூட்டுகிறது. இத்தாலியில் நடந்து 2011-இல் வெளியான சோதனையில், ஆபத்து குறைந்த 162 நோயாளிகளில் மருந்து பெறாதோரிடம் 30.5 விழுக்காடாக இருந்த கசிவு, மருந்து பெற்றோரிடம் 13.7 ஆகக் குறைந்தது. குறைந்தவற்றில் பெரும்பகுதி ஸ்கேனில் மட்டும் தெரிந்த சிறு திரள்களே. உடலில் நீரைத் தேக்கிச் சோடியத்தைக் குறைக்கும் பக்கவிளைவு இதற்கு உண்டு. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதா, யூரியா மிகுந்தவர்களுக்கு மட்டுமா என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை வேறுபடுகிறது.

கண்காணிப்பு

ஊசி எடுக்கப்பட்ட உடனேயே கலர் டாப்ளர் வைத்துப் பார்த்தால், கசிவு தொடரும்போது ஊசித்தடம் ஒரு வண்ணக் கோடாகத் தெரியும். ஸ்கேன் கருவியின் முனையாலேயே அவ்விடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது முதல் சிகிச்சை. பிறகு நோயாளி நான்கு முதல் ஆறு மணிநேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். நாடி, இரத்த அழுத்தம் ஆகியவை முதலில் கால் மணிக்கு ஒருமுறையும் பின்னர் இடைவெளி விட்டும் பார்க்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை கழித்த சிறுநீரையும் தனித்தனிக் குப்பியில் வரிசையாக வைத்து நிறத்தை ஒப்பிடுவது எளிய, நம்பத்தக்க முறை.

அறிகுறிகளைப் படிப்பதில் சில நுணுக்கங்கள் உள்ளன. கசிவில் நாடி முதலில் ஏறும். இளைஞர்களிடம் அழுத்தம் நெடுநேரம் விழாமல் நிற்கும். பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவரிடம் நாடி ஏறாமலே போகலாம். அழுத்தமும் நாடியும் சேர்ந்து குறைந்தால் அது பெரும்பாலும் பயத்தாலோ வலியாலோ வந்த மயக்கமாக இருக்கும். ஹீமோகுளோபின் உடனே குறைவதில்லை. இழந்த குருதிக்கு ஈடாக நீர் குழாய்களுக்குள் சேர்ந்த பிறகே எண் இறங்கும். ஒரு கிராம் அளவுக்குக் குறைவது சிக்கல் இல்லாதவர்களிடமும் காணப்படுவதே.

சிகாகோவில் 750 திசு ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியான ஆய்வு, எட்டு மணிநேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினால் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணில் படாமல் போகும் என்று காட்டியது. 24 மணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளிப்பட்டிருந்தது. ஆபத்து குறைந்தவர்களை அன்றே அனுப்பும் வழக்கம் பரவியிருந்தாலும், மருத்துவமனையிலிருந்து தொலைவில் வசிப்பவர்களுக்கும் ஆபத்துக் காரணங்கள் உள்ளவர்களுக்கும் ஓர் இரவு தங்குவதே ஏற்றது.

சிகிச்சை

கசிவுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் படுக்கை ஓய்வு, வலிநீக்கி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, தேவைப்பட்டால் குருதி ஏற்றல் ஆகியவையே போதும். ஸ்டீராய்டு சாராத அழற்சி நீக்கிகள் தட்டணுக்களைப் பாதிப்பதால் வலிக்கு அவற்றைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பெறுபவருக்கு அண்மையில் திசு ஆய்வு நடந்திருந்தால், ஈடாக ஆல்புமின் மட்டும் கொடுப்பது உறைதற்காரணிகளைக் குறைத்துவிடும். அதனால் உறைபனிப் பிளாஸ்மாவும் சேர்க்கப்படுகிறது.

குருதி ஏற்றியும் நிலை தேறாதபோது, அல்லது சிவப்புச் சிறுநீர் தொடரும்போது, சி.டி. ஆஞ்சியோகிராம் கசியும் இடத்தைக் காட்டும். படத்துக்கான சாயமருந்து பழுதடைந்த சிறுநீரகத்துக்குக் கேடு செய்யலாம் என்ற அச்சம் உயிர் போகும் கசிவின் முன் தடையாக நிற்கக் கூடாது. நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டே போனால் சி.டி.யைத் தாண்டி நேரே ஆஞ்சியோகிராம் அறைக்குக் கொண்டுசெல்வதும் உண்டு.

அங்கே தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் கதீட்டரைச் சிறுநீரகத் தமனிக்குள் செலுத்தி, அதற்குள் நுண்கதீட்டரை நுழைத்து, காயப்பட்ட கிளைவரை கொண்டுசென்று அடைக்கிறார்கள். எம்பாலிசேஷன் எனப்படும் இச்சிகிச்சையைத் திசு ஆய்வால் வந்த தமனி–சிரை இணைப்புக்கு வெற்றிகரமாகச் செய்ததை புக்ஸ்டைன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1973-இல் வெளியிட்டனர். இன்று பெரும்பாலும் நுண்காயில்கள் பயன்படுகின்றன; சிலபோது ஜெலட்டின் நுரைத்துண்டுகளும் திசுப் பசையும் பயன்படும்.

முடிவுத் தமனி என்ற அமைப்பின் பொருள் இங்கே விளங்கும். உடலின் வேறிடங்களில் காயத்தின் முன்பக்கத்தை மட்டும் அடைத்தால் மறுபக்கத்திலிருந்து குருதி திரும்பி வரும்; இரு புறமும் அடைக்க வேண்டும். சிறுநீரகத்தில் திரும்பிவர வழியில்லாததால் ஊட்டும் கிளையை மட்டும் அடைத்தாலே கசிவு நின்றுவிடும். அதற்கு விலை, அக்கிளை ஊட்டிய திசு மடிவது. அதனால்தான் கதீட்டர் இயன்றவரை நுனிக்கிளைவரை செல்ல வேண்டும்; நுனியை நெருங்கினால் இழப்பு உறுப்பின் சிறு பகுதியோடு முடியும். தமனி–சிரை இணைப்பில் வேறோர் எச்சரிக்கையும் வேண்டும்: காயில் திறப்பைவிடச் சிறியதாக இருந்தால் அது சிரை வழியே நழுவி நுரையீரலை அடைந்துவிடும். சிகிச்சைக்குப் பின் சில நாள் காய்ச்சலும் விலாவலியும் இருப்பது மடிந்த திசுவால். அது தானே தணியும். அடைப்பும் பயன்படாதபோதே அறுவை. அதில் சிறுநீரகத்தைக் காக்க முடியாமல் போவதும் உண்டு.

மாற்றுச் சிறுநீரகத்தில்

மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் பக்கத்தில் தோலுக்கு அருகே இருப்பதால் ஊசி செலுத்துவதும் அழுத்திப் பிடிப்பதும் எளிது. தமனி–சிரை இணைப்பு இதில் அடிக்கடி காணப்படுகிறது. திசு ஆய்வுகள் பலமுறை செய்யப்படுவது அதற்கு ஒரு காரணம். வயிற்றுச் சுவரின் அடித்தமனி ஊசிப்பாதையில் அகப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேஜ் சிறுநீரகம் இங்கே அவசர நிலை. சொந்தச் சிறுநீரகம் ஒன்று அமுங்கினால் மற்றது உழைக்கும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அத்தகைய துணை இல்லை. ஆய்வு முடிந்த சில மணிநேரத்துக்குள் சிறுநீர் நின்றுபோவதும், டாப்ளரில் இதயம் விரியும் நேரத்தில் தமனிக் குருதி பின்னோக்கித் திரும்புவதும் இதன் குறிகள். உடனே உறையைத் திறந்து குருதித்திரளை வெளியேற்றினால் உறுப்பைக் காப்பாற்ற முடியும்.

தோல்வழி ஊசி ஆபத்தாகும் நோயாளிகளுக்குக் கழுத்துச் சிரை வழியே சிறுநீரகச் சிரையை அடைந்து உள்ளிருந்து திசு எடுக்கும் முறை 1990 முதல் கையாளப்படுகிறது. கசிந்தால் குருதி சிரைக்கே திரும்பும் என்பது அதன் அடிப்படை. ஊசி உறையைத் துளைத்துவிட்டால் அங்கும் வெளிக்கசிவு நேரும். முற்றிலும் ஆபத்தில்லாத வழி எதுவும் இல்லை.

வீடு திரும்பிய பின்

ஒன்று முதல் இரண்டு வாரம் பாரம் தூக்குதல், கடின உழைப்பு, குலுங்கும் பயணம், உடல் மோதும் விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். நிறுத்திய உறைதல் தடுப்பு மருந்தை எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்தில் தர வேண்டும். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் நெஃப்ரோட்டிக் நோயாளிகளுக்குக் குருதி எளிதில் உறையும் இயல்பு இருப்பதால் தாமதமும் ஆபத்தே. சிறுநீர் மீண்டும் சிவத்தல், சிறுநீர் அடைத்தல், கூடிவரும் விலாவலி, எழுந்தால் தலைசுற்றல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும்.

அறிகுறியில்லாத தமனி–சிரை இணைப்புக்குச் சிகிச்சை தேவையில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை டாப்ளர் பார்த்தால் போதும். அளவு பெருகினாலோ, அழுத்தம் ஏறினாலோ, விளங்காத காரணத்தால் கிரியேட்டினின் உயர்ந்தாலோ அடைப்புச் சிகிச்சை பரிசீலிக்கப்படும். ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவரிடம் செல்லும்போதும், திசு ஆய்வு நடந்ததையும் எந்தப் பக்கச் சிறுநீரகத்தில் என்பதையும் தெரிவிப்பது நல்லது. புதிதாகத் தோன்றிய உயர் அழுத்தத்துக்கும் விலாவில் கேட்கும் இரைச்சலுக்கும் காரணம் அந்தப் பழைய ஊசித்தடமாக இருக்கலாம்.